சோற்றுப் பார்சலைத் திறக்கும்போது வரும் பயம்: கொழும்பில் தனியே இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அலுவலகத்தில் மேசைகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொருவராகப் பார்சலைப் பிரிக்க, பருப்பும் பூசணிக்காய்க் கறியும் பொரித்த மிளகாயும் ஒரே வாசனையாகக் கிளம்பும். என் பார்சலைத் திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை, சோற்றை விரலால் இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன். மற்றப் பாதியிலும் பால்கறி ஊறிய இடத்தைத் தொடமாட்டேன். நெஞ்சு படபடக்கும், வாய் உலர்ந்திருக்கும். இரவு ஒன்பதரைக்கு வெள்ளவத்தைப் போர்டிங் அறையில், விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே ஒரு பைக்கற் கிறீம் கிறாக்கரைத் தின்று முடித்திருப்பேன். அதற்குத் தண்டனையாக அடுத்த நாள் காலைச் சாப்பாடு இல்லை. இரண்டு வருடம் இப்படித்தான் போனது.

படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்கு வந்து, அம்மாவின் குசினியை விட்டுத் தனியே சாப்பிடத் தொடங்கும் பலருக்கு இதே மாதிரி ஏதோவொன்று இருக்கிறது. வெளியில் சொல்வதில்லை. நான் வைத்தியர் இல்லை. உளவள ஆலோசகர் ஒருவரிடமும் கிளினிக் வைத்தியரிடமும் கற்றுக்கொண்டதை, செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதற்படியை விட்டுவிட்டு நான்காவது படிக்குப் போய் ஒருமுறை நன்றாகக் களைத்துப்போயிருக்கிறேன்.

எந்தப் பயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

உணவுப் பயம் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல விதம் இருக்கிறது. உடம்பு வைத்துவிடும் என்ற பயம் ஒன்று. வீட்டில் ஆருக்காவது சீனி வருத்தம் இருந்தால், எனக்கும் வந்துவிடும் என்று ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுகிற பயம் இன்னொன்று. கடைச் சாப்பாடு வயிற்றைக் குழப்பும், பஸ்ஸில் சத்தி வந்துவிடும் என்ற பயம் சிலருக்கு. மற்றவர் பார்க்கச் சாப்பிடுவதே சிலருக்குக் கூச்சம். இதோடு காசுப் பயமும் இருக்கிறது: இன்றைக்கு இவ்வளவு செலவழித்துவிட்டேன், மாதக் கடைசியில் என்ன செய்வேன் என்று.

ஒரு கொப்பியில் ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணி, எங்கே, ஆரோடு, சாப்பிட முன் மனதில் ஓடியது என்ன. கலோரியும் நிறையும் எழுதவேண்டாம். எண்ணத் தொடங்கினால் கொப்பியே ஒரு பயமாகிவிடும். ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியும். என் கொப்பியில் பயம் முழுக்க மதியத்திலும், சாப்பாடு முழுக்க இரவிலும் இருந்தது.

சிலர் இந்தக் கட்டுரையோடு நிற்காமல் நேரே வைத்தியரிடம் போகவேண்டும். குறுகிய காலத்தில் நிறை நன்றாகக் குறைந்தவர்கள், மயக்கம் வருகிறவர்கள், சாப்பிட்டபின் வேண்டுமென்றே சத்தி எடுக்கிறவர்கள், மாதவிடாய் நின்றுபோன பெண்கள், விழுங்க முடியாமல் இருப்பவர்கள். பல நாட்கள் மிகக் கொஞ்சமாகச் சாப்பிட்டு மெலிந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புகளின் அளவு குழம்பி இதயத்தைப் பாதிக்கலாம். அதை வைத்தியர் பார்த்துப் படிப்படியாகத்தான் கூட்டவேண்டும். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் கிளினிக்கில் கேட்டே மாற்றுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் அத்திவாரம்

இதை மட்டும் செய்து மற்றது ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

பயம் போனபிறகு ஒழுங்காகச் சாப்பிடலாம் என்று இருந்தேன். பயம் போகவில்லை. பட்டினி கிடக்கிற மூளை உணவைத் தவிர வேறொன்றையும் நினைக்காது என்பதை அப்போது அறியவில்லை. 1944ஆம் ஆண்டு கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சேர்த்து ஒரு சோதனை தொடங்கினார். 24 வாரம் அவர்களின் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். உடல் நிறையில் காற்பங்கு குறைந்தது. உடம்பைவிட மனம் மாறியதுதான் பெரிய செய்தி. அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையற் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். கனவிலும் சாப்பாடு. தட்டை நக்கினார்கள். ஒரு சின்னக் கவளத்தை நெடுநேரம் வைத்து வைத்துச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் கூடின. திரும்ப வேண்டியமட்டும் கொடுத்தபிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நிறையவில்லை.

இதைக் கேட்டபோது அந்தக் கிறீம் கிறாக்கர் பைக்கற் ஞாபகம் வந்தது. அது என் மனவலிமைக் குறைவு என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். பகல் முழுக்கப் பட்டினி போட்ட உடம்பு இரவில் தன் கணக்கைத் தீர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் எல்லோரும் 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்தவர்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எரிவாயு வரிசையும் மண்ணெண்ணெய் வரிசையும் ஆருக்கும் மறக்காது. ஒருநேரச் சாப்பாட்டை விட்டுப் பழகிய வீடுகள் எத்தனையோ. விலை இறங்கினாலும் அந்தப் பழக்கமும் பயமும் உடம்பில் மிச்சமிருக்கும். கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் ஒளித்து வைப்பதும், சோறு மிஞ்சினால் நெஞ்சு பதறுவதும் அதனால்தான்.

மூன்று நேரச் சாப்பாடு, இடையில் ஒன்றோ இரண்டோ சிற்றுண்டி. விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பசி இருக்கிறதா என்று முதலில் தேடவேண்டாம். பல மாதம் அடக்கிய பசி உடனே குரல் கொடுக்காது. மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள், பசி பின்னால் வரும்.

தெஹிவளையிலிருந்தோ வத்தளையிலிருந்தோ ஆறரைக்கே பஸ் ஏறுகிறவர்கள் காலையில் சாப்பிட முடியாது என்பார்கள். வீட்டில் ஒரு வாழைப்பழம், வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவித்த முட்டையும் பாணும், அல்லது கடையில் நாலு இடியப்பமும் சொதியும். சுதந்திர சதுக்கத்தில் நடக்கப் போகிறவர்கள் அங்கே இலைக்கஞ்சி குடிக்கலாம், வெறும் வயிற்றுக்கு இதமாக இருக்கும். மதியம் சோறு. நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு அவித்த கடலையோ ஒரு உழுந்து வடையோ. அந்த நாலு மணிச் சாப்பாட்டை ஆரும் பெரிதாக எடுப்பதில்லை. காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் நின்று வரும் உடம்புக்கு அதுதான் இரவைக் காப்பாற்றுகிறது. அதைச் சேர்த்துக்கொண்ட மூன்றாவது வாரத்தில் என் இரவுப் பிஸ்கட் தானாக நின்றது.

அறையில் அலுமாரியின் ஒரு தட்டு நிரம்பி இருக்கட்டும். பருப்பு, அரிசிமா, முட்டை, ஒரு டின் மீன், வாழைப்பழம். ஒளித்து வைக்காமல் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். நாளைக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் இன்றைக்கு அள்ளி அடைக்கத் தோன்றாது.

‘காஸ்’ என்று சொல்லிவிட்டு விடாதீர்கள்

எங்கள் ஆட்களிடம் வயிறு சம்பந்தப்பட்ட எல்லாமே காஸ்தான். சாப்பிட முன் வயிறு முறுகினால் காஸ், நெஞ்சு அடைத்தால் காஸ். பதற்றம் வந்தால் உடம்பு ஓடவோ சண்டை போடவோ ஆயத்தமாகிறது. இதயம் வேகமாக அடிக்கும், உமிழ்நீர் குறையும், குடலுக்குப் போகும் இரத்தமும் குறைந்து சமிபாடு மந்தமாகும். அந்த நேரம் சோறு தொண்டையில் நிற்பது இயல்பு. காஸ் என்று நினைத்து அடுத்த சாப்பாட்டை விட்டால், வெறும் வயிற்றில் அமிலம் எரிந்து உண்மையிலேயே நோ வரும். பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே பயம். நோ தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டி வயிற்றில் வேறு வருத்தம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நெஞ்சு நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சு முட்டினால், உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மற்ற நாட்களுக்கு ஒரு சின்னப் பழக்கம். பார்சலைத் திறக்க முன் கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட இருங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஆறேழு தடவை. நீளமாக வெளியே விடும் மூச்சு உடம்பை ஆறவைக்கும். பிறகு கையால் சாப்பிடுங்கள். எங்கள் கைக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். சோற்றின் சூடு விரல் நுனியில் படும். பருப்பை விட்டுப் பிசைந்து, மீன் முள்ளைத் தேடி, ஒரு துண்டு அப்பளத்தை நொறுக்கிச் சேர்க்கும்போது மனம் தானாகவே தட்டுக்கு வந்துவிடும். கரண்டியால் அவசரமாக அள்ளுகிற நாட்களில் எனக்கு அது வருவதில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர 20 நிமிடம்வரை ஆகும் என்பதால், 5 நிமிடத்தில் முடித்துவிட்டு நிறையவில்லை என்று பதறவும் வேண்டாம்.

போனைப் பார்த்தபடி சாப்பிடக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். பயம் உச்சத்தில் இருக்கும் தொடக்க நாட்களில் அதைச் சட்டமாக்காதீர்கள். வானொலியில் பாட்டுக் கேட்டபடியோ அம்மாவோடு போனில் கதைத்தபடியோ சாப்பிட்டு முடிந்தால், சாப்பிட்டதுதான் பெரிது.

சோற்றுக்குத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்துங்கள்

நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு, இன்றைக்குப் பாவம் செய்துவிட்டேன், நாளைக்கு ஈடுகட்டவேண்டும். இந்தச் சொற்கள் வாயில் இருக்கும்வரை பயம் இறங்காது. சோறு சோறுதான். சோற்றை மட்டும் தனியே சாப்பிட்டால் இரத்தச் சீனி வேகமாக ஏறும். பருப்பு, கீரை வறை, மீன் அல்லது முட்டையோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும். எங்கள் தட்டில் இவை முன்பே இருக்கின்றன. சீனி வருத்தக்காரரும் சோறு சாப்பிடுகிறார்கள், அளவைத்தான் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். குளிர்பானப் போத்தல்களில் 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள் இருக்கின்றன. அந்தச் சிவப்பு, பானத்தில் சீனி கூட என்று சொல்கிறது. குடித்த ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பயத்துக்கு ஏணி கட்டுங்கள்

நேரச் சாப்பாடு இரண்டு மூன்று வாரம் ஓடியபிறகு இதற்கு வாருங்கள், முன்னே வேண்டாம். பயப்படும் சாப்பாடுகளையும் இடங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10க்கு எத்தனை பயம் என்று போடுங்கள். என் ஏணி இது: இடியப்பத்துக்குத் தேங்காய்ச் சம்பல் 3. சீனி போட்ட பால்தேத்தண்ணி 4. அலுவலக மேசையில் சோற்றைப் பிரிக்காமல் சாப்பிடுவது 6. கொத்து ரொட்டி 8. கலியாண வீட்டுச் சாப்பாடு 9.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சம்பலில் தொடங்கினேன். போர்டிங் அன்ரி அம்மியில் அரைத்த சம்பல், வெள்ளை இடியப்பத்தில் சிவப்பாகத் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. தேசிக்காய்ப் புளியும் வெங்காயமும் மணத்தன. இரண்டு மேசைக்கரண்டி எடுத்தேன். சாப்பிட்டு முடிக்க 3 ஆக இருந்த பயம் 6க்கு ஏறியது. உடனே நடக்கப் போய் அதை எரிக்கவேண்டும் போல இருந்தது. போகவில்லை. முற்றத்தில் இருந்து அன்ரிக்கு வல்லாரை ஆய்ந்து கொடுத்தேன். 25 நிமிடம் கழித்துப் பார்த்தால் 3. அடுத்த ஞாயிறு 4க்கு ஏறி இறங்கியது. நாலாவது தடவை சம்பல் முடிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, கதைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் இரண்டே விதிகள். சாப்பிட்டபின் ஈடுகட்டக்கூடாது: பட்டினி இல்லை, கூடுதல் ஓட்டம் இல்லை, சத்தி இல்லை. பயம் தானாக இறங்கும்வரை இருந்து பார்க்கவேண்டும். ஈடுகட்டினால், அதைச் செய்ததால்தான் தப்பினேன் என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்தது, ஒரே படியைப் பல தடவை செய்யவேண்டும். ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறாதீர்கள்.

கொத்துக்குப் போகும்போது பசி வெறியோடு போகவேண்டாம். மதியமும் நாலு மணிக்கும் சாப்பிட்டிருந்து, மாலை ஏழு மணிக்கு நம்பிக்கையான ஒரு சிநேகிதியோடு போங்கள். தட்டில் இரும்பு அடிக்கும் அந்தச் சத்தம் காலி வீதி முழுக்கக் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்துக்கே கை வியர்த்தது. பாதித் தட்டு சாப்பிட்டேன், மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லி எடுத்து வந்தேன். அதுவும் ஒரு படிதான்.

வாய்களுக்கு மறுமொழி

“பிள்ளை, என்ன இப்பிடி வத்திப்போனாய்? போர்டிங்கிலை சாப்பாடு போடுறேல்லையோ?” ஆறு மாதம் கழித்து அதே வாய்: “கொழும்புத் தண்ணி பிடிச்சிட்டுது போல, நல்லா உடம்பு வைச்சிட்டாய்.” சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டைக் கெடுக்கும். விவாதம் செய்யாமல் கதையைத் திருப்ப ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கள். “நான் சுகமா இருக்கிறன் அன்ரி, உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி?” மிக நெருங்கியவர்களிடம் மட்டும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “அம்மா, என்ரை உடம்பைப் பற்றிக் கதைக்கிற நேரம் எனக்குச் சாப்பிட ஏலாமல் வருது. அதை மட்டும் கதையாதேங்கோ.” என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போனில், “என்ன கறி வைச்சனி?” என்று மட்டும் கேட்டா. அதன்பிறகு இன்றுவரை அப்படித்தான் கேட்கிறா.

விருந்தில் போதும் என்றால் உள்ளங்கையால் தட்டை மறைத்துக்கொண்டு, “நல்ல ருசி, வயிறு நிறைஞ்சிட்டுது, பிறகு தேத்தண்ணி குடிக்கிறன்” என்று சொல்லுங்கள். பிறகு தருகிறதை வாங்கிக்கொள்வதால் மறுத்ததாகப் படாது. முஸ்லிம் வீட்டுக் கலியாணத்தில் ஒரே சகனைச் சுற்றி இருந்து சாப்பிட அழைத்தால், உங்கள் பக்கத்தில் இருப்பதை உங்கள் வேகத்தில் சாப்பிட்டால் போதும். கூட்டுத் தட்டில் ஆர் எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒருவரும் அளப்பதில்லை. எனக்குக் கலியாண வீட்டுப் பயம் முதலில் இறங்கியது கொட்டாஞ்சேனையில் ஒரு சகனில்தான்.

விரதம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. விரதம் இல்லாத நாளிலும் சாப்பிடாமல் இருக்க அது ஒரு மரியாதையான காரணமாக இருந்தது. உணவுப் பயம் உள்ளவர்கள் சுகமாகும்வரை பட்டினி விரதத்தை விட்டு, மச்சம் தவிர்த்து நேரத்துக்குச் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய் வரலாம். நோன்பு பிடிப்பவர்களுக்கு, நோயாளிகள் பின்னர் கணக்கிட்டு நோற்கலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே இடம் கொடுக்கிறது. இதுவும் நோய்தான் என்பதை வைத்தியரிடமும் வீட்டிலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உதவி கேட்கும் இடம்

தனியே முடியாது என்று தெரிந்தால் தாமதிக்கவேண்டாம். 1926 என்ற இலக்கம் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொடர்பு. தமிழில் கதைக்கலாம். உளவள ஆலோசனைக்கு 1333 என்ற இலக்கமும் இருக்கிறது, அழைப்புக்குக் காசு இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்க் காட்டினால் மனநலக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், அங்கும் கட்டணம் இல்லை. அதிகாலையிலேயே போய் வரிசையில் நிற்கவேண்டிவரும். கையில் வாழைப்பழமும் தண்ணிப் போத்தலும் கொண்டுபோங்கள், அன்றைக்கும் சாப்பாட்டு நேரம் தப்பக்கூடாது.

வைத்தியரிடம் எனக்கு காஸ் என்று தொடங்கினால் காஸ் குளிசையோடு வருவீர்கள். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. இரண்டாம் முறை தாளில் எழுதிக்கொண்டு போனேன்: “சாப்பாட்டு நேரம் வரும்போது பயம் வருகிறது. பகலில் சாப்பிடாமல் இரவில் அடக்க முடியாமல் சாப்பிடுகிறேன். எவ்வளவு காலமாக, நிறை எவ்வளவு மாறியது, மாதவிடாய் ஒழுங்கா, மயக்கம் வந்ததா.” கீழே அந்த ஒரு வாரக் கொப்பிப் பக்கங்கள். வைத்தியரின் கதிரைக்கு முன்னால் இருந்தபோது வாய் திறக்க வரவில்லை. தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தார்.